உலகமே ஒண்டிக்கடையா?

(ஏற்காடு ஒண்டிக்கடையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கம்ப்யூட்டர் கம்பெனிகள். “மலைமேல் ஏறி வந்து கம்ப்யூட்டரைப் பற்றி என்ன பேச்சு? காப்பி விலை இருக்கிறது, மிளகு விலை இருக்கிறது, தோட்டத்துக்குள் காட்டெருமை வருகிறது, இதையெல்லாம் பேசக் கூடாதா?” என்று யாராவது கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் காப்பி விலையையே இன்று தோட்டக்காரர் கைபேசியில்தான் பார்க்கிறார். டீக்கடைக்காரர் காசு வாங்குவதும் கைபேசியில்தான். லாட்ஜுக்கு ஆள் வருவது கைபேசி வழியாக. ரேஷன் கடையில் அரிசி வாங்கக் கை ரேகை வைப்பதும் ஒரு யந்திரத்தின் மேல்தான். ஆகவே கம்ப்யூட்டர் கம்பெனிகள் நம்மைத் தேடி மலை ஏறி வந்து வெகு நாளாகிவிட்டது. வந்த விருந்தாளியைப் பற்றி நாம் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வதில் தவறில்லை.

முதலில் நாம் நிற்கும் இந்த இடத்தின் பெயரைப் பாருங்கள். ஒண்டிக்கடை! ஒண்டி என்றால் தனி. எப்போதோ இங்கே ஒரே ஒரு கடைதான் இருந்திருக்க வேண்டும் என்று பெயரே சொல்லாமல் சொல்கிறது. இன்றோ ரவுண்டானாவைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் கடை. ஒரு கடையில் டீ தண்ணீராக இருந்தால் எதிர்க்கடைக்குப் போகிறோம். ஒருவர் விலையைக் கூட்டினால் அடுத்தவரிடம் விசாரிக்கிறோம். பெயர் ஒண்டிக்கடை, நிலைமை பல கடை.

கம்ப்யூட்டர் உலகத்தில் நேர் தலைகீழ். அங்கே பலகையில் எழுதியிருப்பது “சுதந்திரப் போட்டி”, “திறந்த சந்தை”, “வாடிக்கையாளரே ராஜா”. பலகையைத் தாண்டி உள்ளே போனால் இருப்பது ஒரு கடை. அந்த ஒண்டிக்கடையைத்தான் இன்று நாம் கொஞ்சம் சுற்றிப் பார்க்கப் போகிறோம்.

காப்பி குடிக்காதவருக்கும் பில்!

நம் மலைக்கும் கம்ப்யூட்டர்காரர்களுக்கும் ஒரு பழைய சொந்தம் உண்டு. அது காப்பி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். செடி இங்கே வளர்ந்தது. குடித்தவர்கள் உலகம் முழுவதும் இருந்தார்கள். கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்கள் அதில் முன்னணியில் நின்றார்கள்.

எந்த அளவுக்கு என்றால், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்காரர்கள் 1991-ம் ஆண்டு ஒரு காமிராவைப் பொருத்தினார்கள். நட்சத்திரத்தைப் பார்க்கவா? எதிரி நாட்டைப் பார்க்கவா? இல்லை. காப்பிப் பாத்திரத்தைப் பார்க்க! மாடிப்படி இறங்கி வந்து பார்த்தால் பாத்திரம் காலியாக இருக்கிறது. அந்தக் கஷ்டத்தைப் போக்க, உட்கார்ந்த இடத்திலிருந்தே காப்பி இருக்கிறதா என்று பார்க்க வழி செய்தார்கள். 1993-ல் அந்தப் படம் இன்டர்நெட்டுக்கும் வந்தது. உலகத்தின் முதல் இன்டர்நெட் காமிரா என்று சரித்திரத்தில் இடம் பிடித்தது. 2001-ல் காமிராவை நிறுத்தியபோது, அந்தப் பழைய பாத்திரத்தை ‘ஸ்பீகல்’ என்ற ஜெர்மன் பத்திரிகை நிறுவனம் 3,350 பவுன் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. காப்பி இல்லாத பாத்திரத்துக்கு இந்த விலை! காப்பியைப் பறித்த கைகளுக்கு என்ன கிடைத்தது என்பதைக் காட்ட மட்டும் யாரும் ஒரு காமிரா வைக்கவில்லை.

அடுத்த கதை இன்னும் ருசியானது. 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் மொழியை வெளியிட்டது. அதன் பெயர் ஜாவா. காப்பியின் பெயர்தான். சின்னமும் ஆவி பறக்கும் கோப்பை. உலகத்தில் பாங்கு, இன்ஷூரன்ஸ், சர்க்கார் ஆபீஸ் என்று எங்கே பார்த்தாலும் இந்த ஜாவா புகுந்துவிட்டது. 2010-ல் சன் கம்பெனியை ஆரக்கிள் என்ற இன்னொரு கம்பெனி விலைக்கு வாங்கியது. 2023 ஜனவரியில் ஆரக்கிள் ஒரு புதிய கட்டண முறையை அறிவித்தது. ஒரு நிறுவனத்தில் ஜாவாவை உபயோகிப்பவர்கள் எத்தனை பேர் என்று அது எண்ணுவதில்லை. அந்த நிறுவனத்தில் மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்களோ அத்தனை பேருக்கும் கட்டணம்! பகுதி நேர ஊழியர், தற்காலிக ஊழியர், எல்லோரும் கணக்கில் உண்டு. சிறிய நிறுவனமாக இருந்தால் தலைக்கு மாதம் 15 டாலர். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 1,200 ரூபாய்.

இதை நம் பாஷையில் சொல்லிப் பார்ப்போம். எஸ்டேட்டில் ரைட்டர் ஐயா மட்டும் ஒரு டம்ளர் காப்பி குடிக்கிறார். கடைக்காரர் பில் கொண்டு வருகிறார். அதில் வாட்ச்மேன் பெயர் இருக்கிறது, டிரைவர் பெயர் இருக்கிறது, நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்த பையன் பெயர் இருக்கிறது, பித்த உடம்பென்று காப்பியையே தொடாத பாட்டியின் பெயரும் இருக்கிறது! “ஏனப்பா, இவர்கள் குடிக்கவில்லையே” என்றால், “குடிக்க வாய் இருக்கிறதல்லவா?” என்கிறார். ஒண்டிக்கடையில் இந்தத் தைரியம் வரும். எதிர்க்கடை இருந்தால் வருமா?

வளைவுக்கு நூறு கோடி டாலர்

சேலத்திலிருந்து ஏறி வரும்போது 20 கொண்டை ஊசி வளைவு என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பெரிய முதலாளி இங்கே காப்பிக் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் தன் கடைக்கே வர வேண்டும் என்று, ஒவ்வொரு வளைவிலும் ஆள் நிறுத்துகிறார். யார் வழி கேட்டாலும் அவர் கடையைத்தான் காட்ட வேண்டும். அதற்காக அவர் பணம் கொடுக்கிறார். அப்புறம் சேலத்துக்குப் போய், “பார்த்தீர்களா, ஜனங்கள் தாமாகவே என் கடையைத் தேடி வருகிறார்கள்” என்று மேடையில் பேசுகிறார்.

கூகுள் கம்பெனி செய்தது ஏறக்குறைய இதுதான். ஆப்பிள் கைபேசியில் தேடும் இடத்தில் தன் தேடுபொறியே முதலில் இருக்க வேண்டும் என்பதற்காக 2022-ம் ஆண்டு மட்டும் அது ஆப்பிளுக்குக் கொடுத்த தொகை 2,000 கோடி டாலர். நம் மலைப் பாதையில் கணக்குப் போட்டால் வளைவுக்கு நூறு கோடி டாலர்! இந்த விவரங்கள் நாம் கட்டிவிட்ட கதையல்ல. அமெரிக்க சர்க்கார் தொடுத்த வழக்கில் கோர்ட்டில் வெளிவந்தவை. 2024 ஆகஸ்டு 5-ந் தேதி நீதிபதி அமித் மேத்தா, கூகுள் ஓர் ஏகபோகக் கம்பெனி என்றும், அந்த ஏகபோகத்தைக் காப்பாற்றச் சட்டத்தை மீறியது என்றும் தீர்ப்புச் சொன்னார். அமெரிக்காவில் தேடுதல் வேலையில் ஏறக்குறைய 90 சதவீதம் அதன் கையில் இருப்பதாகவும் தீர்ப்பு சொல்கிறது.

சரி, தண்டனை? 2025 செப்டம்பரில் அதுவும் வந்தது. ‘வளைவில் என் கடையைத் தவிர வேறு கடையைக் காட்டக் கூடாது’ என்று ஒப்பந்தம் போடக் கூடாது. ஆனால் வளைவில் காசு கொடுத்து ஆள் நிறுத்தத் தடை இல்லை. குரோம் என்ற தன் பெரிய வாசலை விற்கவும் வேண்டியதில்லை. இதைக் கேட்டால் கொண்டை ஊசி வளைவே வெட்கப்படும். சட்டம் அவ்வளவு அழகாக வளைகிறது.

நம் நாட்டிலும் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ஓர் உத்தரவில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் அதே ஆண்டில் கூகுளின் தாய்க் கம்பெனியான ஆல்பபெட்டின் வரவு 28,280 கோடி டாலர். வகுத்துப் பார்த்தோம். அபராதம் ஏறக்குறைய 5 மணி நேர வரவு! காலையில் கடை திறந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சம்பாதித்துவிடலாம். நம் ஊரில் ஹெல்மெட் போடாமல் போகிறவர் கட்டும் அபராதம் இதைவிட வலிக்கும்.

தரகருக்கே தரகு

கல்யாணத் தரகரை நமக்குத் தெரியும். அவர் இரு வீட்டாரிடமும் கமிஷன் வாங்குவார். ஆனால் தரகரிடமே கமிஷன் வாங்கும் தரகரைப் பார்த்திருக்கிறீர்களா? சென்னையைத் தலைமை இடமாகக் கொண்ட ‘பாரத் மேட்ரிமோனி’ என்ற வரன் தேடும் நிறுவனம் உண்டு. அதைக் கைபேசியில் இறக்கிக்கொள்வது கூகுளின் பிளே ஸ்டோர் என்ற கடையிலிருந்து. அந்தக் கடை வழியாக வரும் சந்தாவில் கூகுள் கேட்ட பங்கு 11 முதல் 30 சதவீதம் வரை. தகராறு முற்றியது. 2024 மார்ச் 1-ந் தேதி, பாரத் மேட்ரிமோனி உள்பட இந்தியக் கம்பெனிகள் பலவற்றின் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து தூக்கி வெளியே வைத்தது. ஜாதகம் பொருந்தியது, இரு வீட்டுக்கும் சம்மதம், ஆனால் கலிபோர்னியாவில் ராகுகாலம்! மத்திய மந்திரி தலையிட்டுப் பேசிய பிறகு, சில நாட்களில் செயலிகள் திரும்பி வந்தன.

“பெரிய முதலாளிகளும் அதைவிடப் பெரிய முதலாளிகளும் சண்டை போட்டால் நமக்கென்ன?” என்று கேட்கலாம். நம் ஊர் லாட்ஜ்களுக்கு வருவோம். 2022 அக்டோபரில் அதே போட்டி ஆணையம் மேக்மைட்ரிப் - கோஐபிபோ கம்பெனிக்கு 223.48 கோடி ரூபாயும், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. ஆணையம் கண்ட குற்றங்களில் ஒன்று என்ன தெரியுமா? விடுதிக்காரர் தம் அறையை மேக்மைட்ரிப்பில் போட்டுவிட்டால், அதைவிடக் குறைந்த வாடகைக்கு வேறு இடத்திலோ, தம் சொந்த இணையப் பக்கத்திலோ கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனை! அறை உம்முடையது, கட்டிலும் உம்முடையது, மூட்டைப்பூச்சி கடித்தால் ஏச்சு வாங்குகிறவரும் நீர்தான். ஆனால் வாடகையைக் குறைக்க மட்டும் உமக்கு உரிமை கிடையாது. தன் வீட்டுக்குள்ளேயே ஒண்டுக்குடித்தனம் இருப்பது என்றால் இதுதான்.

சாவி யார் கையில்?

ஒண்டுக்குடித்தனம் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஒரு பொருளை வாங்கினால் அது நம்முடையது. இன்று கம்ப்யூட்டர் உலகத்தில் எதையும் வாங்குவதில்லை. மாதச் சந்தா கட்டிக் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம், சாமானை வெளியே வைக்கலாம்.

2009 ஜூலையில் அமெரிக்காவில் இது வேடிக்கையாக நடந்தது. அமேசான் கம்பெனி ‘கிண்டில்’ என்ற வாசிப்புக் கருவிக்குப் புத்தகம் விற்கிறது. விற்றவருக்கு உரிமை இல்லாத பிரதி என்று ஒரு புத்தகத்தைப் பற்றித் தெரிய வந்ததும், காசு கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து அமேசான் அதை ராத்திரியோடு ராத்திரியாக அழித்துவிட்டது. பணம் திரும்ப வந்தது, புத்தகம் போயிற்று. அந்தப் புத்தகத்தின் பெயரைக் கேளுங்கள்: ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’. வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் அதிகாரத்தைப் பற்றிய நாவல்! அது சோஷலிஸ்டு நாடுகளைத் தாக்கி எழுதியது என்று எத்தனை காலம் பிரசாரம் செய்தார்கள்! கடைசியில் அந்தப் புத்தகமே காணாமல் போனது ஓர் அமெரிக்க வியாபாரியின் கையால்.

இது வேடிக்கை. இனி வருவது வேடிக்கை அல்ல. குஜராத்தில் வாடினாரில் நயாரா எனர்ஜி என்ற கம்பெனிக்கு ஒரு பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. ஆண்டுக்கு 2 கோடி டன் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. ரஷ்யாவின் ராஸ்நெப்ட் அதில் பங்குதாரர். 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் அதன்மேல் தடை விதித்தது. உடனே மைக்ரோசாப்ட் கம்பெனி, நயாராவுக்குத் தான் அளித்து வந்த சேவைகளை நிறுத்திவிட்டது. ஊழியர்களின் கடிதங்கள், கம்பெனியின் தஸ்தாவேஜுகள், எல்லாம் பூட்டிய கதவுக்குப் பின்னால்! இந்திய மண்ணில் உள்ள ஆலை, இந்தியச் சட்டப்படி நடக்கும் ஆலை, சந்தாப் பணமும் கட்டிய ஆலை. டில்லி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்ட பிறகே சேவை திரும்பி வந்தது.

இவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால் நம் பஞ்சாயத்து ஆபீசுக்கும், கூட்டுறவு சங்கத்துக்கும், பள்ளிக்கூடத்துக்கும் என்ன கதி? கணக்குப் புத்தகம் நம் பீரோவில் இருந்தவரை, யாரோடு யாருக்குச் சண்டை வந்தாலும் பீரோ திறக்கும். இன்று பீரோ நம் ஊரில், சாவி வெளிநாட்டில்.

ஒரு கை தவறினால் உலகமே ஸ்தம்பிக்கும்

ஒண்டிக்கடையால் இன்னோர் ஆபத்தும் உண்டு. அந்தக் கடை ஒருநாள் கெட்டுப் போன மாவில் தோசை வார்த்தால் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கும். 2024 ஜூலை 19 அன்று அதுதான் நடந்தது. கம்ப்யூட்டருக்குக் காவல் காக்கும் கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்பெனி ஒரு பிழையான புதுப்பிப்பை அனுப்பியது. மைக்ரோசாப்டின் விண்டோஸ் ஓடிய 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டன. ஆஸ்பத்திரிகள், பாங்குகள், டெலிவிஷன் நிலையங்கள், ஆகாய விமானக் கம்பெனிகள், எல்லாம் திண்டாடின. திருடன் வரவில்லை, காவல்காரரே கதவில் இடித்துக்கொண்டு விழுந்தார், வீடும் சேர்ந்து விழுந்தது.

நம் நாட்டு விமான நிலையங்களில் என்ன செய்தார்கள் தெரியுமா? பிரயாணிகளுக்குப் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்! பேனா எந்தக் கம்பெனியின் அனுமதியும் கேட்கவில்லை. சந்தா கட்டினாயா என்றும் கேட்கவில்லை. ஊழியர் எழுதினார், பிரயாணி ஏறினார், விமானம் பறந்தது.

பெட்டிக்குள் ஆள்

இப்போது ‘செயற்கை அறிவு’ என்ற பேச்சு. யந்திரமே யோசிக்கிறதாம், இனி மனிதன் தேவையில்லையாம். 1770-ல் ஆஸ்திரிய மகாராணி மரியா தெரசாவின் அரண்மனையில் கெம்பலன் என்பவர் சதுரங்கம் ஆடும் பொம்மை ஒன்றைக் காட்டினார். தலைப்பாகை கட்டிய துருக்கிக்காரர் போன்ற பொம்மை. பிரபுக்களெல்லாம் அதனிடம் தோற்றுப்போய் ஆச்சரியப்பட்டார்கள். ரகசியம் என்ன? பொம்மையின் பெட்டிக்குள் ஒரு மனிதன் குனிந்து உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான்!

அமேசான் 2005-ல் சில்லறைக் கம்ப்யூட்டர் வேலைகளை மனிதர்களிடம் கொடுத்து வாங்கும் ஒரு சேவையைத் தொடங்கி, அதற்கு ‘மெக்கானிக்கல் டர்க்’ என்றே பெயர் வைத்தது. வெட்கமில்லாமல் உண்மையைச் சொன்ன பெயர் என்று பாராட்ட வேண்டும். அதே கம்பெனி ‘எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம்’ என்று காசாளர் இல்லாத கடைகளை நடத்தியது. கூரையில் காமிரா, கணக்கை யந்திரமே போடும் என்றார்கள். 2024 ஏப்ரலில் பத்திரிகைகள் எழுதின: அந்த வீடியோக்களைப் பார்த்துச் சரிபார்க்க இந்தியாவில் சுமார் ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்களாம். யந்திரத்தைப் பழக்குவதற்கும், சில விற்பனைகளைச் சரிபார்ப்பதற்கும்தான் அவர்கள் என்று அமேசான் விளக்கம் சொன்னது. விளக்கம் எப்படியானாலும், பெட்டிக்குள் ஆள் இருந்தான் என்பது உண்மை. அந்த ஆள் நம் ஊர்ப் பிள்ளை என்பதும் உண்மை.

யந்திரம் வேலையைக் குறைக்கிறது என்றால் மனிதனுக்கு ஓய்வு கூட வேண்டும். நடப்பது என்ன? இன்போசிஸ் ஸ்தாபகர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில், இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரம் என்று ஏலத்தைக் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எத்தனை நேரம் பார்ப்பீர்கள் என்றும் கேட்டார். அதே 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி 12,000-க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. இரண்டு செய்தியையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். ஒருவருக்கு 90 மணி நேர வேலை. பக்கத்து நாற்காலிக்காரருக்கு வேலையே இல்லை. எந்தச் செயற்கை அறிவும் தேவையில்லாமல் நம் சொந்த அறிவுக்கே இந்தக் கணக்கு விளங்குகிறது.

“நீங்கள் கம்ப்யூட்டரையே எதிர்த்தவர்கள்தானே?” என்று நம்மைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். 1960களில் கல்கத்தாவில் இன்ஷூரன்ஸ் ஊழியர்கள், எல்.ஐ.சி.யின் இலாக்கோ ஹவுஸ் கட்டிடத்துக்குள் கம்ப்யூட்டர் நுழையாதபடி இரவு பகலாகக் காவல் காத்தார்கள். அவர்கள் கேட்டது, இந்த யந்திரத்தால் வரும் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்பது. அந்தக் கேள்வியின் பலத்தால்தான் மத்திய சர்க்கார் 1969-ல் பேராசிரியர் தண்டேகர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. கம்ப்யூட்டர் அன்று ஓர் அறை அளவு இருந்தது; இன்று சட்டைப்பைக்குள் அடங்கிவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் இம்மியும் சிறுக்கவில்லை.

கேட்டால் பதில் கிடைக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1923-ல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21-ந் தேதி, 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் கொதித்து எழுந்தன. மே 1-ந் தேதி மசோதா வாபஸ்! பத்தே நாளில் ஒரு சட்டத்தையே திருப்பி அனுப்ப முடிந்தது.

பொது ரோட்டில் இரண்டு பேர்

இங்கே எல்லாக் கடை வாசலிலும் ஒரு கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. காசு விழுந்தால் பெட்டி பேசுகிறது. யு.பி.ஐ. என்ற இந்த ஏற்பாடு 2016-ல் வந்தது. நம் பாங்குகள் சேர்ந்து அமைத்த தேசியப் பணப் பட்டுவாடா கழகம் போட்ட ரோடு இது. நல்ல ரோடு. டீக்கடைக்காரர் பத்து ரூபாய்க்குக் கூடக் கட்டணமில்லாமல் பணம் பெறுகிறார். உலகமே மெச்சுகிறது, நாமும் மெச்சுகிறோம்.

ஆனால் அந்த ரோட்டில் ஓடும் வண்டிகள் யாருடையவை? பத்தில் எட்டு வண்டி இரண்டே கம்பெனிகளுடையது. ஒன்று அமெரிக்க வால்மார்ட்டுக்குப் பெரும்பங்கு உள்ள போன்பே; மற்றது நம் பழைய நண்பர் கூகுள். எந்தக் கம்பெனியும் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2020 நவம்பரில் விதி போட்டார்கள். அமல் செய்யும் தேதியைத் தள்ளித் தள்ளி 2026 டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். கந்துவட்டிக்காரர் நமக்கு இப்படித் தவணை கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ரோடு பொதுச்சொத்து, பஸ் தனியார். நாளைக்கு டிக்கெட் விலையைக் கூட்டினால் இறங்கி நடக்கத் தெம்பு வேண்டாமா?

கடை நம்முடையதானால்...

“எல்லாம் சரி, வழி என்ன?” என்றால், காப்பியே வழி சொல்கிறது. காப்பி போர்டு நாடெங்கும் காப்பி ஹவுஸ்களை நடத்தி வந்தது. 1950களின் மத்தியில் அவற்றை மூடத் தொடங்கி, தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. தோழர் ஏ. கே. கோபாலன் அந்தத் தொழிலாளர்களோடு நின்றார். “கடையை நீங்களே எடுத்து நடத்துங்கள்” என்றார். 1957-ல் பெங்களூரில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1958-ல் திருச்சூரில் காப்பி ஹவுஸ் திறந்தது. நேற்றுவரை தட்டு ஏந்தியவர் இன்று கடைக்குப் பங்குதாரர்! காப்பியும் கெட்டுப் போகவில்லை, கணக்கும் கெட்டுப் போகவில்லை.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இப்படிப்பட்ட கூட்டுக் கடை உண்டு. 1983-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், சாப்ட்வேர் யாருக்கும் பூட்டு இல்லாததாக இருக்க வேண்டும் என்று ஓர் இயக்கம் தொடங்கினார். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் லினக்ஸை வெளியிட்டார். உலகம் முழுவதிலும் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து அதை வளர்த்தார்கள். உலகத்தின் மிக வேகமான 500 கம்ப்யூட்டர்கள் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸில் ஓடுகின்றன. கூகுளின் ஆண்டிராய்டு கைபேசிக்கும் அஸ்திவாரம் அதுதான். ஒண்டிக்கடையின் அஸ்திவாரமே பொதுமக்கள் போட்ட கல் என்பதைக் கவனியுங்கள். தலைக்கு 15 டாலர் என்றோமே, அந்த ஜாவாவுக்கும் காசில்லாத திறந்த வடிவம் ஒன்று இருக்கிறது. எதிர்க்கடை இருக்கிறது, பலகைதான் சிறியது.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 2001-ல் தொடங்கிய பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டம், பிறகு சுதந்திர சாப்ட்வேரின் மேலேயே முழுதும் நின்றது. சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் அதில் படிக்கிறார்கள். லைசென்ஸ் பணம் என்று வெளிநாட்டுக்குப் போகவில்லை. ஆசிரியர்களே பாடத்துக்கு வேண்டிய சாப்ட்வேரைத் திருத்தி அமைக்கிறார்கள். நம் சென்னையிலேயே சி-டாக் என்ற மத்திய சர்க்கார் நிறுவனம் ‘பாஸ்’ என்ற லினக்ஸை உருவாக்கியிருக்கிறது. விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், யந்திரம் இருக்கிறது. துணிவு ஒன்றுதான் பாக்கி.

இந்த மலையிலிருந்து இறங்கிச் சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் கம்பெனியில் சங்கம் வைக்க முடியாது என்று உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். தகவல் தொழில்நுட்ப ஊழியர்களுக்கும் தொழிற்சங்கச் சட்டம் பொருந்தும் என்று தமிழ்நாடு தொழிலாளர் துறை 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எஜமானன் கொடுத்தது; சங்கச் சீட்டு நீங்களே வாங்க வேண்டியது.

தோழர்களே! கம்ப்யூட்டரைத் தூக்கி ஏரியில் போடச் சொல்லி நாம் இங்கே வரவில்லை. நமக்கு அது வேண்டும். தோட்டத்துக்கு வேண்டும், ஆஸ்பத்திரிக்கு வேண்டும், பள்ளிக்கு வேண்டும். ஆகவே நாளைக்கு ஒரு டை கட்டிய தம்பி உங்கள் கடைக்கோ, லாட்ஜுக்கோ, கூட்டுறவு சங்கத்துக்கோ வந்து, “புதுச் செயலி, முதல் மூன்று மாதம் இனாம்” என்றால், அவரை உட்கார வைத்து ஒரு காப்பி கொடுங்கள். அவரும் தொழிலாளிதான். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: நான் விலகிப் போக நினைத்தால் என் கணக்கு முழுவதும் என்னோடு வருமா? இரண்டு: உன் கம்பெனி கதவைச் சாத்தினால் மறுநாள் காலையில் என் வேலை நடக்குமா? மூன்று: நாலாவது மாதம் என்ன விலை, அதைத் தீர்மானிப்பது யார்?

பதில் நேராக வந்தால் தாராளமாக வாங்குங்கள். பதில் 20 வளைவு வளைந்து வந்தால், தம்பிக்கு நல்ல வார்த்தை சொல்லி அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். இதே மூன்று கேள்விகளைப் பஞ்சாயத்து ஆபீசிலும் கேளுங்கள், பள்ளிக்கூடத்திலும் கேளுங்கள், சட்டசபை மெம்பரைக் கண்டால் அவரிடமும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் கேலி செய்வார்கள். ஊர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.